நாங்கள் போகாத கல்யாணம்

என் சித்தி மகனுக்கு வைகாசியில் மதுரையில் கல்யாணம் நடந்தது. பத்திரிகை குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வந்தது. மண்டபம் பைபாஸ் ரோட்டில், முகூர்த்தம் காலை ஏழரைக்கு. நாங்கள் போகவில்லை. போகாததை அங்கே யாரும் கவனித்திருக்கக்கூட மாட்டார்கள். ஆனால் இங்கே, அமீரகத்து அல் ஐனில், நான் வேலை பார்க்கிற பள்ளிக்கூடம் முழுக்க நாங்கள் அந்தக் கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்ததாக நம்பியது. நம்ப வைத்தவள் நான்.

காரணம் ரொம்ப சாதாரணம். என் கணவருக்கு லீவு ஜூன் ஆரம்பத்தில்தான் கிடைத்தது. எங்கள் பள்ளிக்கூடமோ ஜூன் கடைசியில்தான் மூடும். பரீட்சை நெருங்கும்போது டீச்சர்கள் லீவு கேட்டால் சூப்பர்வைசர் முகம் கொடுத்துப் பேசமாட்டார். நான் டீச்சர், என் மகள் அதே பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்பு. இரண்டு பேருக்கும் சேர்த்துப் பத்து நாள் லீவு வேண்டும். ஆஸ்திரியாவுக்குச் சுற்றிப் பார்க்கப் போகிறோம் என்று எழுதினால் தருவார்களா? சொந்தத் தம்பி கல்யாணம் என்று எழுதினேன். சித்தி மகன் தம்பிதானே. வாட்ஸ்அப்பில் வந்த பத்திரிகையைப் பிரிண்ட் எடுத்து லீவு லெட்டரோடு வைத்துக் கொடுத்தேன். அன்றைக்கே கையெழுத்தாகிவிட்டது.

இதில் எனக்குத் துளியும் உறுத்தல் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். சந்தோஷமாகத்தான் இருந்தது. பதினான்கு வருஷமாக ஒவ்வொரு லீவுக்கும் ஊர், ஊர் என்று போய் உறவுக்காரர்கள் வீட்டில் காபி குடித்தே காலம் போயிற்று. ஒரு தடவையாவது பச்சையாக, குளிராக ஓர் இடத்தைப் பார்க்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவள் நான்தான். இடம் சொன்னவர் என் கணவரின் மேனேஜர். அவர் இந்த நாட்டுக்காரர், ஒவ்வொரு கோடையும் குடும்பத்தோடு ஆஸ்திரியாவில் ஓர் ஏரிக்கரைக்குப் போகிறவர். போய் இறங்கினால் பாதி அமீரகமும் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது. கறுப்பு அபாயா போட்ட பெண்கள் மழையில் நனைந்துகொண்டே ஐஸ்கிரீம் சாப்பிட்டார்கள்.

நாங்கள் தங்கியது ஏரிக்குச் சற்று மேலே, மலைச்சரிவில் ஒரு பண்ணை வீடு. மாடுகள், இடுப்பளவு புல், பின்னால் காடு. அந்த வீட்டு அம்மாவுக்கு இரண்டு சின்னப் பிள்ளைகள். தினமும் சாயங்காலம் பிள்ளைகளை முற்றத்தில் நிறுத்தி, முழங்காலுக்குப் பின்னால், காதுக்குப் பின்னால், அக்குளில், முடி முளைக்கிற இடத்தில் என்று விரலால் தடவித் தடவிப் பார்ப்பார். ஐரோப்பா வந்தும் பேன் பார்க்கிறார்களே என்று நான் என் கணவரிடம் சொல்லிச் சிரித்தேன். ஒருநாள் அவர் என் மகளையும் கையைக் காட்டிக் கூப்பிட்டார். எங்கள் வீட்டில் அதெல்லாம் கிடையாது என்கிற தோரணையில் நான் கையை ஆட்டி மறுத்துவிட்டேன்.

அடுத்த நாள் குளிக்கப் போன என் மகள், முழங்காலுக்குப் பின்னால் ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று கூப்பிட்டாள். எள் அளவுக்குக் கறுப்பாக இருந்தது. உற்றுப் பார்த்தால் கால்கள். ஊரில் நாய்க் காதில் பார்த்த உண்ணிதான், ஆனால் இத்தனை சின்னதாக நான் பார்த்ததில்லை. நகத்தால் கிள்ளிப் பிடுங்கித் தண்ணீரில் விட்டேன். புல்லில் உருளாதே என்று எத்தனை தடவை சொல்வது என்று திட்டினேன். அந்தப் பயணத்தில் நான் அவளைத் திட்டாத நாள் இல்லை. செருப்பில் சேறு, கையில் போன், சாப்பாட்டில் மிச்சம், எதற்கும் திட்டு. காசையும் லீவையும் செலவழித்து வந்த இடத்தில் எல்லோரும் நான் நினைத்தபடி சந்தோஷமாக இருக்க வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி. உண்ணியைப் பற்றி என் கணவரிடம்கூடச் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது?

துபாயில் இறங்கி அல் ஐனுக்குக் காரில் வரும் ஒன்றரை மணி நேரமும் ஒத்திகைதான். யார் கேட்டாலும் மதுரை. மாமா கல்யாணம். கல்யாணப் பெண் என்ன நிறப் புடவை? அரக்கு. என்ன சாப்பாடு? பந்தியில் யார் பரிமாறினார்கள்? என் மகளுக்கு இந்த விளையாட்டு ரொம்பப் பிடித்துவிட்டது. நான் சொல்லிக் கொடுத்ததற்கு மேலே அவளே சேர்க்க ஆரம்பித்தாள். மண்டபத்தில் ஏசி ஓடவில்லை, ரசத்தில் உப்பு இல்லை, நாதஸ்வரக்காரர் நடுவில் தூங்கிவிட்டார் என்று அடுக்கினாள். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி என் கணவர் விழுந்து விழுந்து சிரித்தார். நானும்தான். என் வாய் சாமர்த்தியம் இவளுக்கு வந்திருக்கிறது என்று பெருமையாகக்கூட இருந்தது.

அதோடு நின்றேனா? மறுநாள் பியூட்டி பார்லருக்குப் போய் இரண்டு பேரும் கை நிறைய மருதாணி போட்டுக்கொண்டோம். கல்யாண வீட்டிலிருந்து வந்தவர்களின் கை வெறுமையாக இருக்கக் கூடாதே. டவுனில் இருக்கிற ஸ்வீட் கடையில் அல்வா வாங்கி, கடைப் பெட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டு, எவர்சில்வர் டப்பாவில் மாற்றி ஸ்டாஃப் ரூமுக்குக் கொண்டு போனேன். ஊர் அல்வா ஊர் அல்வாதான் என்று சொல்லி எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். ஆஸ்திரியா போட்டோ ஒன்றுகூட யாருக்கும் அனுப்பவில்லை. மகளின் போனில் இருந்ததை எல்லாம் நானே வாங்கி அழித்தேன். தோழிகளிடம் காட்டிவிடுவாளோ என்கிற பயம். என் போனில் மட்டும் கொஞ்சம் வைத்திருந்தேன்.

வந்த மூன்றாம் நாள் அவளுக்குக் காய்ச்சல். வழக்கமாகப் போகும் கிளினிக்குக்குக் கூட்டிப் போனேன். டாக்டர் கோயம்புத்தூர்க்காரர், அவர் பையன் என் வகுப்பில் படிக்கிறான். எங்கேயாவது வெளியூர் போனீர்களா என்று கேட்டார். மதுரை, தம்பி கல்யாணம் என்றேன். தயங்கவே இல்லை. அதற்குள் அது என் நாக்கில் அவ்வளவு பழகிவிட்டிருந்தது. கல்யாண வீட்டுத் தண்ணீர், கொசு என்று அவர் தலையை ஆட்டிக்கொண்டார். டெங்கு டெஸ்ட் எடுத்தார், இல்லை என்று வந்தது. வைரல் காய்ச்சல்தான் என்று மருந்து கொடுத்தார். நாலு நாளில் காய்ச்சல் விட்டது.

அதன் பிறகு ஒரு வாரம் நன்றாக இருந்தாள். நன்றாக என்றால் ஓடி, சிரித்து, சண்டை போட்டு, எப்போதும் போல. இந்த நோய் அப்படித்தான் போலிருக்கிறது. ஒரு தடவை வந்து எட்டிப் பார்த்துவிட்டு, எல்லாம் முடிந்தது என்று நாம் நிம்மதியாக இருக்கும்போது மறுபடி வருகிறது. அந்த ஒரு வாரத்தை நான் எப்படிச் செலவழித்தேன் தெரியுமா? விட்டுப்போன பாடங்களை எல்லாம் உட்கார வைத்துப் படிக்க வைத்தேன். இன்றைக்கும் அந்த வாரத்தை நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

பிறகு தலை வலிக்கிறது என்றாள். வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது என்றாள். "பரீட்சைன்னா மட்டும் உனக்குத் தலைவலி வந்துடும்" என்றேன். இரண்டு நாள் அப்படியே சொல்லிக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் கணக்குப் பரீட்சையின்போது ஹாலிலேயே வாந்தி எடுத்தாள். ரோல் நம்பர் என்ன என்று அங்கிருந்த டீச்சர் கேட்டதற்கு அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. ஆள் அனுப்பி என்னைக் கூப்பிட்டார்கள். நான் போனபோது அவள் கையில் பேனா ஆடிக்கொண்டிருந்தது. கீழே வை என்று சொன்னேன், வைக்கத் தெரியாமல் பார்த்தாள்.

எங்கள் சூப்பர்வைசர், மலையாளி டீச்சர், தன் காரிலேயே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். என் கணவர் அன்றைக்கு அபுதாபி பக்கம் வேலை சைட்டில் இருந்தார். எமர்ஜென்சியில் ஓர் இளம் டாக்டர் கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டே கேள்வி கேட்டார். சமீபத்தில் பயணம் போனீர்களா? சூப்பர்வைசர் என் தோளைப் பிடித்தபடி பக்கத்தில் நிற்கிறார். என் லெட்டரில் கையெழுத்துப் போட்ட கை. இந்தியா, மதுரை, பத்து நாள் என்றேன்.

அந்த நேரத்தில் பயந்து சொன்னேன் என்று நினைத்துத்தான் ரொம்ப நாள் என்னைச் சமாதானம் செய்துகொண்டேன். அது முழு உண்மை இல்லை. சூப்பர்வைசர் போன பிறகும் நான் மாற்றிச் சொல்லவில்லையே. உண்மை இதைவிட அசிங்கம். அவ்வளவு சுத்தமான ஊர், குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கிறார்கள், அங்கிருந்து என்ன நோய் வந்துவிடப் போகிறது என்று நினைத்தேன். நோய் என்றால் அது நம் ஊரிலிருந்துதான் வரும் என்று நானே நம்பினேன். டாக்டர்களும் அப்படித்தான் நம்பினார்கள். மதுரையில் வீட்டருகே தேங்கிய தண்ணீர் உண்டா, பன்றி உண்டா, நெடுநாள் இருமலோடு யாராவது இருந்தார்களா என்று கேட்டார்கள். நான் போன வருஷம் போனதை நினைத்து, எல்லாவற்றுக்கும் ஒழுங்காகப் பதில் சொன்னேன். பொய்யான பயணத்துக்கு நிஜமான கொசு.

மூளைக்காய்ச்சல் என்று அன்றைக்கே சொல்லிவிட்டார்கள். எதனால் என்றுதான் தெரியவில்லை. முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்தார்கள். எந்த டெஸ்ட்டிலும் ஒன்றும் வரவில்லை. என் கணவர் சாயங்காலங்களில் வந்தார். ஆஸ்திரியாவைப் பற்றி நான் முதல் வேலையாகச் சொல்லியிருப்பேன் என்று அவர் நினைத்துக்கொண்டார். கேட்கக்கூடத் தோன்றவில்லை. அவர் மேல் தப்பில்லை, பள்ளிக்கூடத்துப் பொய் ஆஸ்பத்திரிவரை வரும் என்று எந்த மனிதர் நினைப்பார்?

இரண்டாம் நாள் நரம்பியல் டாக்டர் வந்தார். ஜோர்டான் நாட்டுப் பெண்மணி, நிதானமான குரல். மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் தெளிவாக இருக்கிறாளா என்று பார்க்கச் சின்னச் சின்னக் கேள்விகள் கேட்டார். பெயர் சொன்னாள். வயது பதின்மூன்று என்றாள். என்ன மாதம் என்பதற்கு முழித்தாள். லீவுக்கு எங்கே போனாய் என்று டாக்டர் கேட்டார்.

 என் மகள் கழுத்தைத் திருப்ப முடியாமல் திருப்பி என்னைப் பார்த்தாள். கண் சரியாக நிலைக்கவில்லை. அந்த நிலைமையிலும் அவளுக்குத் தெரிந்திருந்தது, இது நாம் ஒத்திகை பார்த்த கேள்வி. பிறகு டாக்டரைப் பார்த்து ஆங்கிலத்தில் மெல்லச் சொன்னாள், மதுரை, மாமா கல்யாணம், ரசத்தில் உப்பு இல்லை. டாக்டர் சிரித்தபடி அவள் உள்ளங்கையைத் திருப்பி மங்கிப்போன மருதாணியைப் பார்த்தார். இந்தக் கேள்விக்குச் சரியாகச் சொன்னாள் என்பதுபோல என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நானும் தலையசைத்தேன். மாதம் மறந்துபோன குழந்தை என் பொய்யை மட்டும் காப்பாற்றினாள்.

மூன்றாம் நாள் மதியம், காசநோயாக இருக்குமோ என்று சந்தேகப்பட்டு, இரண்டாவது தடவை முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்தார்கள். அரை மணி நேரம் ஆயிற்று. அதன் பிறகு அந்த நரம்பியல் டாக்டர் வராந்தாவில் என்னிடம் வந்து, மதுரையில் அந்தக் கல்யாண வீட்டில் இருமிக்கொண்டிருந்தவர் யாராவது நினைவுக்கு வருகிறார்களா என்று மறுபடி கேட்டார். அப்போதுதான் என் வாயிலிருந்து வந்தது. நாங்கள் மதுரைக்குப் போகவே இல்லை என்றேன்.

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். எங்கே போனீர்கள், எந்த மாதம், காட்டுப் பக்கமா, காய்ச்சாத பால் குடித்தாளா என்று வரிசையாகக் கேட்டார். ஏதாவது கடித்ததா என்று கேட்டபோது முழங்கால் நினைவுக்கு வந்தது. கையாலேயே அளவு காட்டினேன். எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை நிறுத்தினார். அந்தப் பக்கத்து உண்ணிகள் சிலவற்றில் மூளைக்காய்ச்சல் வைரஸ் இருக்கிறது, அங்கே பிள்ளைகளுக்கு அதற்குத் தடுப்பூசியே போடுகிறார்கள், இந்த நாட்டில் நான் பார்த்ததில்லை என்றார். ரத்தத்தை வெளிநாட்டு லேபுக்கு அனுப்பினார்கள். முடிவு வர நாளாயிற்று. அதுதான் என்று வந்தது.

முதல் நாளே நான் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவரிடம் கேட்டேன். நோயில் ஒன்றும் மாறியிருக்காது என்றார். இதற்கென்று மருந்து இல்லை, உடம்பு தானாக மீள வேண்டும், நாங்கள் துணைக்கு நிற்கிறோம், அவ்வளவுதான் என்றார். பிறகு, கேட்டதற்கு நேர்மையாகச் சொல்ல வேண்டும் என்பதால் சொல்கிறேன் என்று ஆரம்பித்து, அந்த இரண்டாவது ஊசி தேவைப்பட்டிருக்காது என்றார். என் கணக்கில் நிற்பது அந்த ஓர் ஊசி. அது போதும்.

பள்ளிக்கூடத்தில் நானே போய் உண்மையைச் சொன்னேன். சூப்பர்வைசர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, இதை நேராகவே சொல்லியிருக்கலாமே டீச்சர், நானே இரண்டு வருஷத்துக்கு முன்னால் மாமியாருக்கு ஆபரேஷன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு ஜார்ஜியா போனேன் என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாசலைத் தாண்டி பார்க்கிங் வரும்வரை சிரித்தேன், காருக்குள் உட்கார்ந்த பிறகுதான் அது அழுகை என்று தெரிந்தது.

மகள் மூன்று வாரம் கழித்து வீட்டுக்கு வந்தாள். பிழைத்துவிட்டாள், நடக்கிறாள், கடவுள் புண்ணியம் என்று எல்லோரும் சொன்னார்கள். பார்க்கிறவர்களுக்கு அவளிடம் ஒரு குறையும் தெரியாது. வீட்டுக்குள் இருக்கிறவர்களுக்குத்தான் தெரியும். ஒரு பக்கம் படித்தால் களைத்துப் படுத்துவிடுவாள். குக்கர் விசில் சத்தத்துக்குக் காதைப் பொத்திக்கொண்டு கத்துவாள். பாதி வாக்கியத்தில் சொல் கிடைக்காமல் நிற்பாள், நான் எடுத்துக் கொடுத்தால் கோபம் வரும். இதெல்லாம் மெதுவாகக் குறையும், சில பிள்ளைகளுக்கு நாளாகும், திட்டாதீர்கள் என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். திட்டுகிற வாயை நானும் கட்டித்தான் வைத்தேன்.

அவள் நோயில் விழுந்த நாட்களும் அதற்கு முந்தைய சில வாரங்களும் அவளுக்கு நினைவில் இல்லை. அப்படி நடக்கலாம் என்று சொல்லியிருந்தார்கள். ஆனால் நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. அக்டோபர் வாக்கில் ஒருநாள் ரசம் ஊற்றும்போது, "மாமா கல்யாணத்துல போட்ட மாதிரி உப்பே இல்லாம வச்சிருக்க" என்றாள். நானும் அவள் அப்பாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தோம். விளையாட்டு இல்லை. ஆஸ்திரியா சுத்தமாக அழிந்து போயிருந்தது. ஒத்திகை பார்த்த கல்யாணம் அந்த இடத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது.

அது வளரவும் செய்தது. நாங்கள் சொல்லிக் கொடுக்காததெல்லாம் அதில் இருந்தது. மண்டபத்து மாடிப்படியில் நானும் அவளும் உட்கார்ந்து ஐஸ்கிரீம் சாப்பிட்டோமாம். நான் அவளுக்குத் தலை பின்னிப் பூ வைத்தேனாம். பத்து நாளும் நான் அவளைத் திட்டவே இல்லையாம். "நீ அப்ப எவ்ளோ ஜாலியா இருந்தம்மா" என்றாள். அந்த அம்மாவை நான் என்ன செய்வது? எனக்கு அந்த அம்மா மேல் பொறாமையாக இருந்தது. சொல்லிவிட வேண்டும் என்று என் கணவர் சொன்னார். கொஞ்சம் தேறட்டும் என்று நான் தள்ளிப் போட்டேன். தேறட்டும் என்பது சாக்கு. அந்தக் கல்யாணத்தில் நான் நல்ல அம்மாவாக இருந்தேன், அதை விட மனம் வரவில்லை.

டிசம்பர் லீவில் ஒருநாள் என் போனை வாங்கிப் பார்த்துக்கொண்டிருந்தவள், அறையை விட்டு வெகு நேரம் வெளியே வரவில்லை. போய்ப் பார்த்தேன். சித்தி மகன் கல்யாண ஆல்பத்தைக் குடும்பக் குழுவில் லிங்க்காகப் போட்டிருந்தார்கள். அதை முதலிலிருந்து கடைசிவரை பார்த்து முடித்து, மறுபடி முதலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு படத்தையும் பெரிதாக்கி, பின்வரிசை முகங்கள்வரை தேடியிருக்கிறாள்.

"அம்மா, நான் எதுலயுமே இல்ல" என்றாள். முகம் வெளுத்திருந்தது. "நீயும் இல்ல. அப்பாவும் இல்ல."

கட்டிலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். லீவு லெட்டர், காரில் ஒத்திகை, மருதாணி, அல்வா, ஒன்றையும் விடவில்லை. மிச்சமிருந்த ஆஸ்திரியா போட்டோக்களைக் காட்டினேன். புல்லில் கையை விரித்துக்கொண்டு நிற்கிற தன்னை, யாரோ பக்கத்து வீட்டுப் பெண்ணைப் பார்ப்பதுபோல் மரியாதையாகப் பார்த்தாள். இது நான்தானா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். பிறகு அவள் சொன்னதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

"எனக்கு ஞாபகம் இல்லாததை எல்லாம் உன்கிட்டதானே கேட்கணும்? நீதானே பொய் சொல்ற."

அழவில்லை, கத்தவில்லை. சும்மா ஒரு நிலவரம் சொல்வதுபோல் சொன்னாள். மறுநாளிலிருந்து அவளுக்கு ஒரு பழக்கம் வந்தது. எதையாவது என்னிடம் கேட்பாள். நான் ஏழாம் வகுப்பில் டான்ஸ் ஆடினேனா? எனக்கு இந்தத் தழும்பு எப்படி வந்தது? அந்த ஃபிரண்டோடு நான் ஏன் பேசுவதில்லை? நான் பதில் சொல்வேன். சரி என்று கேட்டுக்கொண்டு நேராக ஹாலுக்குப் போய், அதே கேள்வியை அதே வார்த்தைகளில் அவள் அப்பாவிடம் கேட்பாள். நான் சமையலறையில் குழாயை மூடிவிட்டுக் காதை நீட்டிக்கொண்டு நிற்பேன். அவர் சொல்வதும் நான் சொன்னதும் ஒன்றாக இருக்க வேண்டுமே. அவருக்கு மறதி வேறு. நான் நிஜத்தைச் சொல்லி, அவர் தெரியலையேம்மா என்று சொல்லிவிட்டால், அன்றைக்கு என் நிஜமும் பொய்தான். மாதக்கணக்கில் இப்படித்தான் போயிற்று. பரீட்சைத் தாளைப் போல என்னைத் திருத்திக்கொண்டிருந்தாள்.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. பள்ளிக்கூடம் அரை நாள் என்பதால் மதியமே வீட்டில் இருந்தோம். அவளுக்குத் தட்டில் சோறு போட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து நின்றாள். இப்போது என் உயரம் வந்துவிட்டாள்.

"அம்மா, ஹாஸ்பிட்டல்ல ரெண்டாவது தடவ ஊசி போட்டாங்கல்ல. எனக்கு அது ஒண்ணுதான் கொஞ்சம் ஞாபகம் இருக்கு. என் கன்னத்துல யாரோ கைய வச்சிருந்தாங்க. கடைசி வரைக்கும் எடுக்கவே இல்ல. அது நீதானே?"

அந்த மதியத்தை மேலே இரண்டு வரியில் எழுதிக் கடந்துவிட்டேன். இப்போது சொல்கிறேன். தாய் கூட இருக்கலாம் என்றுதான் சொன்னார்கள். பிள்ளையை ஒருக்களித்துச் சுருட்டிப் படுக்க வைத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். அவள் முதுகெலும்பு வரிசையாகத் தெரிந்தது. இந்த ஊசி என்னால்தான் என்று அந்த அறையில் எனக்கு மட்டும் தெரியும். அப்போதே வாயைத் திறந்திருந்தால் நிறுத்தியிருப்பார்கள். நான் திறக்கவில்லை. ஒரு முக்கியமான போன் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். வராந்தாவில் இருந்த குளிர்பான மெஷின் முன்னால் நின்று, உள்ளே இருக்கிற பாட்டில்களின் பெயரை எல்லாம் வரிசையாகப் படித்தேன். அரை மணி நேரமும் படித்தேன். உள்ளே அவளைப் பிடித்திருந்தவர் ஒரு பிலிப்பைன்ஸ் நர்ஸ். அவர் பெயரைக்கூட நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அவள் அப்பா அன்றைக்கு சைட்டில் இருந்தார், அவருக்குத் தெரியாது. அந்த நர்ஸை இனி யாரும் தேடிப் போகப் போவதில்லை. தன் வாழ்க்கையில் தொலைந்துபோன இரண்டு மாதத்தில் இவளுக்கு மிச்சமிருப்பது ஒரு கை. அதையும் எதற்குப் பிடுங்க வேண்டும்? நாக்கு தயாராகத்தான் இருந்தது. கரண்டியைச் சோற்றுக்குள் வைத்துவிட்டுத் திரும்பினேன்.

"இல்ல பாப்பா. நான் உள்ள இல்ல. போன் பேசணும்னு சொல்லிட்டு வெளிய வந்து நின்னுட்டேன். போன் எதுவும் வரல. எனக்குப் பாக்கத் தைரியம் இல்ல. அது ஒரு நர்ஸோட கை."

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு லேசாகக் கோணியது, அழப் போகிறாள் என்று நினைத்தேன். அழவில்லை. "நர்ஸா" என்றாள், அவ்வளவு மெல்ல. கன்னத்தை ஒரு தடவை தொட்டுக்கொண்டாள். பிறகு தட்டை எடுத்துக்கொண்டு ஹாலுக்குப் போனாள்.

நான் நின்ற இடத்திலேயே நின்றேன். அவள் அப்பா சோபாவில் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தார். தட்டோடு வருகிறவளைப் பார்த்து, என்னம்மா என்று கேட்டார், கேள்வி வரும் என்று அவருக்கும் பழக்கமாகிவிட்டது. ஒண்ணுமில்லப்பா என்று சொல்லிவிட்டு, அவரைத் தாண்டித் தன் அறைக்குப் போனாள்.